வாயில்லாப் பாட்டு

பாட்டுக்கு வாய் வேண்டுமா? இது என்ன கேள்வி என்று வாசகர்கள் புருவத்தை நெரிக்கலாம். ஆனால் கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு நிற்கிறவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சீவாளியிலிருந்து ஓர் எழுத்தாவது வெளிப்படுவதில்லை. இருந்தபோதிலும், தெரிந்த கீர்த்தனம் ஒன்று தொடங்கிவிட்டால், கேட்பவர்களில் பாதிப் பேருடைய உதடுகள் தாமாகவே அசைய ஆரம்பிக்கின்றன. வாத்தியம் ராகத்தைக் கொடுக்கிறது. சாகித்யத்தை அவரவர் மனமே பாடிக் கொள்கிறது. பாட்டுத் தெரியாதவருக்கோ அது இனிமையான நாதம் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது.

இதே விஷயம் மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஒரு பெரிய விவகாரமாகவே நடந்திருக்கிறது. ஜெர்மன் பாஷையில் அமைந்த அருமையான பாட்டுக்களை எடுத்துக்கொண்டு, பாடுகிறவரை நீக்கிவிட்டு, பியானோ ஒன்றிலேயே வாசிக்கும்படி எழுதி வைத்தார்கள் சில மேதாவிகள். அதையும் எளிதாக எழுதினார்களா என்றால், அதுதான் இல்லை. பத்து விரல்களும் பதறும்படி எழுதினார்கள். இது பாட்டுக்குச் செய்த உபகாரமா, அல்லது விரல் வித்தையைக் காட்டப் பாட்டைச் சாக்காகப் பிடித்துக்கொண்ட காரியமா என்பதுதான் வழக்கு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் அந்த வழக்கை இந்த வாரம் நாமும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

முதலில் பாட்டை இயற்றியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரான்ஸ் ஷூபர்ட் 1797-ஆம் வருஷம் வியன்னா நகரில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். பிள்ளையும் சில வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் உதவி உபாத்தியாயராக இருந்து சிறு குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். அவர் நம்முடைய தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஆனால் பெருமையைக் காட்டிலும் ஆச்சரியமே அதிகம். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த நேரம் போக மீதியிருந்த நேரத்தில், 1815 என்ற ஒரே வருஷத்தில், அந்தப் பதினெட்டு வயது உபாத்தியாயர் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களை எழுதித் தள்ளினார். 1828-ல், 31-வது வயதில் அவர் இறந்தபோது அவர் இயற்றிய பாட்டுக்களின் தொகை அறுநூறைத் தாண்டியிருந்தது.

இந்த வகைப் பாட்டுக்கு ஜெர்மன் பாஷையில் 'லீட்' என்று பெயர். நல்ல கவிஞர் ஒருவரின் கவிதை; அதைப் பாட ஒரு குரல்; கூட ஒரு பியானோ. இவ்வளவுதான் அதன் சாமக்கிரியை. ஆனால் அந்தப் பியானோவை நம் கச்சேரிகளில் உள்ள பக்கவாத்தியத்தைப் போல் எண்ணிவிடக் கூடாது. நம் பக்கவாத்தியக்காரர் பாடுகிறவரைப் பின்தொடர்ந்து தம் மனோதர்மத்தால் வாசிக்கிறார். லீடிலோ பியானோவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இயற்றியவரே எழுதி வைத்துவிடுகிறார். வார்த்தை சொல்லாமல் விட்டதை அந்தப் பியானோ சொல்லவேண்டும். ஷூபர்ட் 17-வது வயதில் எழுதிய ஒரு பாட்டில், காதலனைப் பிரிந்த கிரெட்சென் என்னும் பெண் நூல் நூற்றுக்கொண்டே புலம்புகிறாள். பியானோவில் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவன் தந்த முத்தத்தை அவள் நினைத்த கணத்தில் ராட்டினம் நின்றுபோகிறது. பிறகு தட்டுத் தடுமாறி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. அவள் மனம் பட்ட பாட்டை அந்த ராட்டினமே சொல்லிவிடுகிறது.

அடுத்த வருஷம், 1815-ல், ஷூபர்ட் 'எர்ல்கோனிக்' என்ற பாட்டை எழுதினார். கவிதை ஜெர்மனியின் மகாகவி கேதே இயற்றியது. ஒரு தகப்பன் நள்ளிரவில், காற்றில், தன் குழந்தையை அணைத்தபடி குதிரைமேல் விரைகிறான். காட்டுப் பேயரசன் ஒருவன் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். இனிய வார்த்தை பேசி அழைக்கிறான். குழந்தை அலறுகிறது. அது வெறும் மூடுபனி, காற்று என்று தகப்பன் சமாதானம் சொல்கிறான். வீட்டு வாசலை அடையும்போது குழந்தை அவன் கையிலேயே இறந்து கிடக்கிறது. கதை சொல்பவன், தகப்பன், குழந்தை, பேயரசன் ஆகிய நால்வரையும் ஒரே குரல் பாடவேண்டும். பியானோ வாசிப்பவரின் வலக்கையோ ஒரே ஸ்வரத்தை மும்மூன்றாகத் தட்டித் தட்டிக் குதிரையின் குளம்போசையை ஏறக்குறைய ஆரம்பம் முதல் முடிவு வரை எழுப்பவேண்டும். இதில் ஒரு வேடிக்கை. ஷூபர்ட் பியானோ வாசிப்பதில் அசகாய சூரர் அல்ல. தாம் வாசிப்பதற்காக இந்தப் பாட்டில் மும்மூன்றை இரண்டிரண்டாகக் குறைத்து ஒரு சுலபமான பிரதியும் அவரே எழுதி வைத்துக்கொண்டார்!

இத்தகைய பாட்டுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1816-ல் ஷூபர்ட்டின் நண்பர் ஒருவர் சில பாட்டுக்களைக் கட்டி மகாகவி கேதேக்கே அனுப்பினார். அதில் 'எர்ல்கோனிக்'கும் இருந்தது. கேதேயிடமிருந்து ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. மறு வருஷம் ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் வேண்டாமென்று திருப்பியதோடு, டிரெஸ்டன் நகரில் இருந்த வேறொரு பிரான்ஸ் ஷூபர்ட்டுக்கு அதை அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர், தம் பெயரில் யாரோ இதை எழுதி அவமானம் செய்துவிட்டதாகச் சீறி விழுந்தார். கடைசியில் 1821-ல் நண்பர்களே பணம் சேர்த்து, வியன்னாவில் காப்பி - டியாபெல்லி என்னும் கடை மூலமாக அச்சிட்டு வெளியிட்டார்கள்.

ஷூபர்ட் தம் உருப்படிகளை மட்டும் வைத்து வாழ்நாளில் நடத்திய பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்று. அது 1828 மார்ச் 26-ந் தேதி வியன்னாவில் நடந்தது. கூட்டம் நன்றாகவே வந்தது. கொஞ்சம் பணமும் கிடைத்தது. ஆனால் வியன்னாப் பத்திரிகைகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காரணம், மூன்று நாள் கழித்து, மார்ச் 29-ந் தேதி, அதே நகரில் பாகானினியின் முதல் கச்சேரி! இத்தாலியிலிருந்து வந்த அந்தப் பிடில் வித்வானின் விரல் வித்தையைக் கண்டு நகரமே பித்துப் பிடித்துக் கிடந்தது. ஷூபர்ட்டும், தம் கச்சேரியில் கிடைத்த பணத்தைக் கொண்டு டிக்கெட் வாங்கி, நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு பாகானினியைக் கேட்கப் போனார். பொறாமைப்படத் தெரியாத மனிதர். அந்த நவம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். விரல் வித்தை ஒன்று நல்ல பாட்டை மூடி மறைத்தது என்று யாராவது குற்றம் சாட்டினால், இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. 1832-ல் பாரிஸ் நகரில் அதே பாகானினியின் பிடிலைக் கேட்டு, இருபது வயது வாலிபர் ஒருவர் தம்மை மறந்தார். அவர் பெயர் பிரான்ஸ் லிஸ்ட். பெயரைக் கேட்டால் ஜாபிதா என்று தோன்றும். அவர் இயற்றியவற்றின் ஜாபிதாவும் மிக நீளந்தான். 1811-ல் ஹங்கேரியைச் சேர்ந்த ரைடிங் என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறு பையனாக வியன்னாவுக்கு வந்து, முன்னே ஷூபர்ட்டுக்குக் கற்பித்த ஸாலியேரியிடமே பாடம் கேட்டவர். பாகானினி பிடிலில் செய்ததைத் தாம் பியானோவில் செய்வதென்று சங்கற்பம் செய்துகொண்டு, இரவு பகலாக அசுர சாதகம் செய்தார். அப்படிச் சம்பாதித்த வித்தையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் நமது வழக்கின் முக்கியமான அம்சம்.

1838 மார்ச் மாதம் டான்யூப் நதி பெருகிப் பெஸ்ட் நகரத்தைப் பாழாக்கியது. அப்போது வெனிஸில் இருந்த லிஸ்ட், செய்தி அறிந்ததும் வியன்னாவுக்கு ஓடிவந்து, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கச்சேரிகள் செய்தார். அந்தக் கச்சேரிகளில் அவர் வாசித்தவற்றில் ஷூபர்ட்டின் பாட்டுக்களும் இருந்தன. குரல் இல்லாமல், வார்த்தை இல்லாமல், பியானோவில் மட்டும்! பத்து வருஷத்துக்கு முன் பாகானினிக்காக ஷூபர்ட்டை மறந்த அதே வியன்னா, இப்போது பாகானினியின் மானசிக சிஷ்யர் மூலமாக ஷூபர்ட்டைக் கேட்டு மெய்மறந்தது. அவ்வருஷமே பன்னிரண்டு பாட்டுக்கள் கொண்ட புத்தகம் வெளிவந்தது. அச்சிட்டவர் யார் தெரியுமா? 1821-ல் நண்பர்கள் பணம் கட்டியபிறகு 'எர்ல்கோனிக்'கை வெளியிட்ட அதே டியாபெல்லிதான். 1833 முதல் 1846 வரையில் லிஸ்ட் இப்படிப் பியானோவுக்கு மாற்றி எழுதிய ஷூபர்ட் பாட்டுக்கள் ஐம்பதுக்கு மேல்.

இவை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கின்றன? வீண் ஆடம்பரத்துக்காகவா? இதை அறியப் பியானோவின் குணத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். பியானோவில் விரல் கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறு சுத்தி தந்தியை அடிக்கிறது. அடித்த கணத்திலிருந்து நாதம் தேய ஆரம்பித்துவிடும். குரலில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து மெல்ல மெல்லப் பெருக்கலாம். பிடிலில் வில்லைக் கொண்டு பெருக்கலாம். வீணையில்கூட மீட்டிய தந்தியை இழுத்து கமகம் கொடுக்க முடியும். பியானோவில் அதுவும் இல்லை. பாட்டுக்கு உயிரான காரியத்தில் பியானோ பிறவி ஊமை என்றே சொல்லவேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பியானோவுக்கு என்று ஷூபர்ட் எழுதிய பகுதிக்கே வாசிப்பவரின் இரண்டு கைகளும் சரியாகப் போய்விடுகின்றன. இப்போது பாடுகிறவரின் குரலையும் அதே இரண்டு கைகளே எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், மூன்றாவது கைக்கு எங்கே போவது? இந்தப் பிரச்னைக்கு அக்காலத்து வித்வான்கள் கண்ட வழிதான் கட்டைவிரல். கட்டைவிரல்கள் நடுவில் பாட்டின் மெட்டைத் தட்டும். காலால் மிதிக்கும் பெடல் அந்த நாதத்தை அடங்கவிடாமல் தாங்கிக்கொள்ளும். அந்த நொடிக்குள் மற்ற விரல்கள் மேலும் கீழும் ஓடிப் பின்னணியை நெய்துவிட்டுத் திரும்பவேண்டும். தால்பெர்க் என்னும் வித்வான் இந்த முறையால் மிகவும் பெயர் பெற்றவர். லிஸ்ட் இதை ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'வுக்குக் கையாண்டார். அதில் மெட்டு நடுவில் மனிதக் குரலின் ஸ்தாயியில் செல்கிறது. இரண்டு கைகளும் அதை மாறி மாறி ஏந்திக்கொள்கின்றன. எழுதுவதற்கு வழக்கமான இரண்டு வரிசை போதாமல் மூன்று வரிசையாக எழுதவேண்டியிருந்தது. கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டால் மூன்று கைகள் என்றே சத்தியம் செய்வார்.

ஆகவே கஷ்டம் என்பது இங்கே மேற்பூச்சு அல்ல. இருவர் செய்யவேண்டியதை ஒருவர் செய்ய முன்வந்ததன் விளைவு அது. 'எர்ல்கோனிக்'கில் இதை நன்றாகக் காணலாம். குளம்போசை நிற்காமல் ஓடவேண்டும். அதனூடே தகப்பனின் குரல் கீழ் ஸ்தாயியில் தழைத்து ஒலிக்கவேண்டும். குழந்தையின் அலறல் ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலேறிக் கிளம்பவேண்டும். பேயரசன் பேசும்போது மட்டும் எல்லாம் பட்டுப்போல் மென்மையாக வேண்டும். ஒரே கட்டையை இவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப அடிப்பதற்குப் பழைய பியானோக்கள் இடங்கொடா. எரார் கம்பெனியார், கட்டை முழுவதும் மேலே எழும்புமுன்பே சுத்தி மறுமுறை அடிக்கும்படியான ஒரு பொறிக்கு 1821-ல் உரிமைச் சாசனம் பெற்றார்கள். 'எர்ல்கோனிக்' அச்சேறிய வருஷமும் அதுதான். பாட்டு ஒரு பக்கமும் பொறி ஒரு பக்கமுமாகப் பிறந்து, லிஸ்டின் கைகளில் வந்து சந்தித்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

"எல்லாம் சரி, ஆனாலும் கவிதை போய்விட்டதே! கேதேயின் வார்த்தை இல்லாமல் 'எர்ல்கோனிக்' ஏது?" என்று ஒரு கட்சி கேட்கிறது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல நம் வகுப்பறையிலிருந்தே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். செய்யுளுக்கு உரை எழுதுகிறோம் அல்லவா? பதத்துக்குப் பதம் பொருள் சொல்லி ஒதுங்கிவிடுவது பதவுரை. மூலத்தில் மறைந்து நிற்கும் நயத்தை வெளியே எடுத்துக் காட்டுவது விசேஷவுரை. மூலத்தை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு உரைகாரர் தம் புலமையையே விரித்துக்கொண்டு போவது மூன்றாவது வகை. அதற்கு நல்ல பெயர் இல்லை. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதும் உரைதான்; பரீட்சைக்கு என்று கடையில் விற்பதும் உரைதான். எந்த உரையைப் படித்ததும் மூலத்தை இன்னொரு தரம் படிக்கவேண்டும் என்று தோன்றுகிறதோ, அதுவே நல்ல உரை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் லிஸ்டின் காரியங்களைத் தரம் பிரிப்பது கஷ்டமல்ல. ஷூபர்ட்டின் கடைசிக் காலத்துப் பாட்டுக்களில் ஒன்று 'ஸ்டேண்ட்ஷென்'. இரவில் காதலியின் வீட்டுச் சோலையில் நின்று ஒருவன் பாடி இறைஞ்சுகிறான். லிஸ்ட் அந்த மெட்டை முதலில் ஒரு முறை பாடவிடுகிறார். அடுத்த முறை அதையே ஆண்குரலின் கீழ் ஸ்தாயியில் இறக்குகிறார். மூன்றாம் முறை மெட்டு மேலே ஒலிக்க, ஒரு கணம் பிந்தி அதன் எதிரொலி இன்னும் மேலே எழுகிறது. கவிதையில் காதலி பதில் சொன்னதாக இல்லை. ஆனால் அந்த எதிரொலியைக் கேட்கும்போது, ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவளும் அதையே தனக்குள் பாடிக்கொள்கிறாள் என்று நமக்குத் தோன்றுகிறது. குரலும் பியானோவும் சேர்ந்து பாடும் மூலத்தில் இந்த எதிரொலி கிடையாது. இது விசேஷவுரை, அதிலும் உத்தமமானது.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல முடியாது. 'வின்டர்ரைஸ' என்னும் இருபத்துநான்கு பாட்டுக்கள் கொண்ட கோவையை ஷூபர்ட் ஒரு யாத்திரைபோல் அமைத்தார். லிஸ்ட் அதில் பன்னிரண்டை மட்டும் எடுத்து, வரிசையையும் மாற்றிவிட்டார். மூலத்தில் எல்லாம் ஓய்ந்தபின் கடைசியில் வரும் வாத்தியக்காரக் கிழவன் இங்கே நடுவில் வந்துவிட்டுப் போகிறான். தனித்தனியே அழகாக இருந்தாலும், யாத்திரையின் சோகம் சிதறிப்போகிறது.

இன்னும் நல்ல உதாரணம் ராபர்ட் ஷூமானின் 'விட்முங்'. ஷூமான் 1840-ல், எத்தனையோ தடைகளைத் தாண்டி, தாம் காதலித்த கிளாராவை மணந்தார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசு ஒரு பாட்டுத் தொகுதி; அதன் முதற்பாட்டே இது. நீதான் என் உயிர், நீதான் என் அமைதி என்று ஒருவன் ஒருத்தியிடம் சொல்லும் பாட்டு. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். 1848-ல் லிஸ்ட் இதைப் பியானோவுக்கு மாற்றினார். பாட்டு ஏறக்குறைய இருமடங்கு நீண்டது. முடிவில் இரண்டு கைகளும் வாத்தியம் அதிர முழங்குகின்றன. வாசிப்பவருக்குக் கரகோஷம் நிச்சயம். இன்றும் கச்சேரி மேடைகளில் இதற்கு உள்ள மவுசு குறையவில்லை. ஆனால் தாலி கட்டும் வேளையில் காதோடு சொல்லவேண்டியதை ஒலிபெருக்கியில் சொன்னாற்போல் இருக்கிறது!

கிளாராவே அக்காலத்தின் மிகச் சிறந்த பியானோ விதுஷிகளில் ஒருவர். லிஸ்டின் ஆரவாரம் அவருக்குப் பிடிப்பதில்லை. கணவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு அவர் முப்பது பாட்டுக்களைத் தாமே பியானோவுக்கு மாற்றி எழுதினார். அதில் நீட்டலும் இல்லை, முழக்கமும் இல்லை. மூலத்தில் இருப்பது மட்டுமே இருக்கிறது. அது பதவுரை. தமக்கென்று பாடப்பட்ட பாட்டுக்கு அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

இவ்வளவையும் சொன்னபிறகு தீர்ப்பு என்ன? லிஸ்டின் பக்கம் ஒரு முக்கியமான சாட்சியம் இருக்கிறது. வாயில்லாமல் வாசிப்பதற்காகவே எழுதிய இந்தப் புத்தகங்களில், பாட்டின் வார்த்தைகளையும் ஸ்வரங்களோடு சேர்த்து அச்சிடவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பல பதிப்புகளில் அப்படியே அச்சாகியிருக்கிறது. யாரும் பாடப்போவதில்லை, பின் எதற்கு வார்த்தை? வாசிப்பவர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான். எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்த எழுத்தில் அழுத்துவது, எங்கே குழந்தை பேசுகிறது, எங்கே பேயரசன் பேசுகிறான் என்பதை விரல் அறியவேண்டும். வித்தை காட்டுவது மட்டுமே நோக்கமாக இருந்தவருக்கு இந்தக் கவலை எழுந்திராது.

பலனையும் பார்க்கவேண்டும். எடிசன் பேசும் யந்திரத்தைக் கண்டுபிடித்தது 1877-ல். அதற்குமுன், ஊருக்கு ஊர் நல்ல பாடகர் கிடைக்காத காலத்தில், ஒரு பாட்டைத் தேசம் விட்டுத் தேசம் கொண்டு செல்ல இருந்த வாகனம் பியானோதான். 1839 முதல் 1847 வரை லிஸ்ட் ஐரோப்பா முழுவதும் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தபோது, ஷூபர்ட்டின் பாட்டுக்களும் கூடவே பிரயாணம் செய்தன. ஜெர்மன் பாஷையில் ஓர் எழுத்தும் அறியாதவர்கள், இந்த மெட்டை இயற்றியவர் யார் என்று கேட்டார்கள். உரையைக் கேட்டவர்கள் மூலத்தைத் தேடினார்கள். நாம் வைத்த அளவுகோலின்படி லிஸ்ட் தேறிவிட்டார் என்றே சொல்லவேண்டும். சிற்சில விடைகளில் மார்க்குக் குறைந்தாலும், மொத்தத்தில் முதல் வகுப்பு.

அவருக்குப் பின்னும் இந்த மரபு நின்றுவிடவில்லை. எர்ன்ஸ்ட் என்பவர் 1854-ல் 'எர்ல்கோனிக்' முழுவதையும் நான்கு தந்திப் பிடில் ஒன்றிலேயே அடக்கிக் காட்டினார். ருஷிய வித்வான் ராக்மானினாப் 1925-லும், கோடவ்ஸ்கி 1927-லும் ஷூபர்ட்டின் பாட்டுக்களைப் பியானோவுக்கு மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த லெஸ்லி ஹோவர்ட், லிஸ்டின் பியானோ சங்கீதம் முழுவதையும் 99 இசைத்தட்டுக்களில் வாசித்து வைத்திருக்கிறார். கேட்பதற்கு இன்று யாருக்கும் தடையில்லை.

ஆனால் கேட்கும் முறை ஒன்று உண்டு. வீட்டில் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு, முதலில் அந்தக் குதிரைக்காரத் தகப்பனின் கதையைத் தமிழில் சொல்லுங்கள். பிறகு 'எர்ல்கோனிக்'கை ஒருவர் பாடக் கேளுங்கள். நால்வரின் குரலையும் பிரித்து அறியக் குழந்தைகளுக்கு இரண்டு தடவை போதும். அதன்பிறகு, வார்த்தையில்லாத பியானோவைப் போடுங்கள். முடிவில் குளம்போசை நின்று, வாத்தியம் தயங்கித் தயங்கி நாலைந்து ஸ்வரம் பேசிவிட்டு ஓய்கிறதே, அந்த இடத்தில் குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவேண்டியிராது.